ஏட்டில் எட்டு

பயிற்சிப் பதிவேட்டில் நாளுக்கு ஒரு பெட்டி.
'இன்று கற்றது' என்று தலைப்பு,
கீழே இரண்டு வரி.
வெள்ளி மாலை பொறியாளர் ஒண்டியேக் கையெழுத்திட்டால்தான்
அந்த வாரம் நடந்ததாகக் கணக்கு.

திங்கள்: நீராவிக் குழாயின் விரிவைக் கண்டேன்.
அவ்வளவுதான் இடம்.

நைவாஷாவுக்குத் தெற்கே மலைச்சரிவெல்லாம் வெள்ளிக் குழாய்கள்.
நேரே போகத் தெரிந்தும் போகாமல்
கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை
எழுந்து, வளைந்து, இறங்கி
மறுபடி படுத்துக்கொள்கின்றன.
மூன்றாம் பருவத் தேர்வில்
இதே குழாய்க்கு விடை எழுதியிருக்கிறேன்:
சூடேறினால் இத்தனை மில்லிமீட்டர் நீளும்.
ஐந்துக்கு ஐந்து.
நீண்டால் அது எங்கே போகும் என்று
கேள்வித்தாளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
இங்கே அது வளர இடம் விட்டிருக்கிறார்கள்.
விட்ட இடத்துக்கு அடியில்
ஒட்டகச்சிவிங்கி ஒன்று
கழுத்தைத் தாழ்த்தாமல் நடந்து போயிற்று.
இதை எந்த வரியில் எழுத?

செவ்வாய்: பாதுகாப்பு விதிகள்.
அழுகிய முட்டை நாறினால் விலகு.
நாறிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றால் ஓடு,
செத்தது நாற்றமல்ல, உன் மூக்கு.
மதியம் கேன்டீனில் பர்மசாய்
தன் முட்டையை என் தட்டுக்குத் தள்ளினான்.

புதன், வியாழன், வெள்ளி: அழுத்தமானி வாசிப்பு.
காலை ஆறுக்கு எட்டு பார்.
பத்துக்கு எட்டு பார்.
முந்தைய ஷிஃப்டும் எட்டு எழுதியிருந்தது,
அதற்கு முந்தையதும்.
வெள்ளியன்று நான் ஏணி ஏறவில்லை.
கீழே நின்றபடியே எழுதினேன்,
ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வட்டம்,
நல்ல உருண்டையாக.

அடுத்த திங்கள் ஏணியின் உச்சியில்
ஷூ நாடா மாட்டித் தடுமாறியதில்
என் மஞ்சள் ஹெல்மெட் போய்
அழுத்தமானியின் கண்ணாடியில் இடித்தது.
முள்,
உறக்கத்தில் பிடிபட்ட காவல்காரனைப் போல்
ஒரு துள்ளு துள்ளி
ஐந்தில் போய் நின்றது.

ஏட்டில் எட்டு.
குழாயில் ஐந்து.

பின்னோக்கிப் புரட்டினோம்.
பதினோரு நாள், பதினோரு நாளும் எட்டு.
அதில் ஆறு என் கையால்.
ஏறிப் பார்த்து எழுதியவை நான்கு,
ஏறாமல் எழுதியவை இரண்டு.
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
எது எதுவென்று எனக்கே தெரியவில்லை.

மாலை வால்வைக் கழற்றினார்கள்.
உள்ளே சிலிக்கா,
பற்காரை போல் கெட்டித்துப்போய்,
நீராவிக்கு ஒரு விரல் வழி மட்டும் மிச்சம்.
பர்மசாய் ஒரு துண்டைப் பெயர்த்துச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஒண்டியேக் திட்டவில்லை.
திட்டியிருந்தால் முடிந்துபோயிருக்கும்.
"ரெசியாட்டோ, இதைப் பதிவேட்டில் எழுதவேண்டாம்.
கல்லூரிக்காரர்கள் படிப்பார்கள்" என்றார்,
உப்பை நகர்த்தச் சொல்வது போல.

இரவு விடுதியில் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே எங்கோ கிணறு ஒன்று
மூச்சை விட்டுக்கொண்டே இருந்தது.
பிறகு எழுதினேன்:
முள் சிக்கியிருந்தது. நானும் பார்க்காமல் எழுதினேன்.
ஒரு வரிதான் ஆயிற்று.
இரண்டாவதைக் காலியாகவே விட்டேன்.

அந்த வாரத்துக்குக் கையெழுத்து விழவில்லை.
எட்டு வாரப் பயிற்சியில்
என்னிடம் இருப்பது ஏழு.

கல்லூரியிலிருந்து வந்த முனைவர் நியாகுண்டி
ஏழையும் விரல்விட்டு எண்ணினார்,
எட்டாவதைப் படித்தார்,
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
விதிப்படி ஐந்து மதிப்பெண்ணைக் கழித்தார்.
கோப்பை மூடிய பிறகு கேட்டார்:
"எந்தக் கிணறு?"

நக்குரு போகும் மட்டாட்டுவில்
ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை கிடைத்தது.
பெட்ரோல் முள் பாதியில்
நிம்மதியாக நின்றுகொண்டிருந்தது.
விரல் முட்டியால் ஒரு தட்டு.
அவர் என்னை முறைத்தார்.
முள்ளைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல்
வண்டியை ஓரங்கட்டினார்.