இருப்பிடச் சான்று

கும்பகோணம் பைபாஸ் மண்டபத்தில்
'டெல்டா அழகி' யாரென்று அறிவித்தபோது
என் பெயருக்கு முன்னால் இன்னொரு பெயர்:
மிருணாளினி.
எனக்கு இரண்டாம் பரிசுப் பட்டை.
அதன் ஊக்கு குத்திய இடம்
இன்னும் தோளில் இருக்கிறது.

விதி எண் ஏழு:
போட்டியாளர் ஆறு மாதமாவது
ஐந்து மாவட்டத்துக்குள் குடியிருக்க வேண்டும்.

மிருணாளினிக்கு வீடு அடையாறில்.
பாணாதுறையில் ஒரு மாடி அறை,
முத்திரைத்தாளில் பதினொரு மாத ஒப்பந்தம்,
ஜூலையில் போட்ட கையெழுத்துக்கு ஜனவரித் தேதி.
அங்கே அவள் தூங்கியது மூன்று இரவு.
வீட்டுக்காரரே சொன்னார்:
"கொசு தாங்கலைன்னு லாட்ஜுக்குப் போயிட்டாங்க."

மேடையில் அவள்தான் நன்றாக நடந்தாள்.
அதையும் சொல்ல வேண்டும்.
டெல்டாவின் சிறப்பென்ன என்ற கேள்விக்கு
மடைதிறந்த மாதிரி ஒப்பித்தாள்.
நான் 'சம்பா' என்று தொடங்கித் திக்கினேன்.

புகார் எழுதினேன்.
மாமா மகன் இளம்பரிதி சொல்லச் சொல்ல
கைபேசியில் தட்டினேன்.
'மண்ணின் மகள்' என்று ஒரு சொல் சேர்த்தான்.
நான் அதை அழிக்கவில்லை.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.
குழுத் தலைவர், நகைக்கடை ஆல்பர்ட் ஞானராஜ்,
கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:
"நீ எங்கம்மா இருக்கே?"

வலங்கைமான் பக்கம் என்றேன்.
ரேஷன் கார்டு வைத்தேன். வாக்காளர் அட்டை வைத்தேன்.
அம்மா பெயரில் மூணு மா நிலம், அதன் பட்டா.
எல்லாவற்றையும் விளிம்பு தட்டி அடுக்கிவிட்டு
மறுபடி கேட்டார்:
"சரிம்மா. நீ எங்க இருக்கே?"

திருப்பூர்.
நாலு வருஷம். பனியன் கம்பெனி, செக்கிங் பிரிவு.
விடுதியில் ஆறு பேருக்கு ஒரு கண்ணாடி,
அதில்தான் பூனை நடை பழகினேன்.
மேட்டூர் திறந்த செய்தி வாட்ஸப்பில் வந்துவிடும்.
எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் ஏறியதா
என்று அம்மா சொன்னால்தான் தெரியும்.

அவள் காகிதத்தில் குடியிருந்தாள்.
நானும்தான்.
என் காகிதம் கொஞ்சம் பழையது.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில்
ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், பூஜா குமாரி.
மாயவரம் ஜங்ஷன் வாசலில் அவள் அப்பாவின்
பானிபூரி வண்டி.
"பொறந்ததே பெரியாஸ்பத்திரியிலதாங்க்கா.
ஆதார் மட்டும் தாத்தா ஊர்ல எடுத்தது, கோரக்பூர்.
படிவத்தை முதல் நாளே திருப்பிட்டாங்க."
அந்த இழுவை அசல் மாயவரம்.
எனக்கோ இப்போதெல்லாம்
'சொல்லுங்' என்றுதான் வாய் முடிகிறது.

உள்ளூர்ப் பேப்பரில்
'மண்ணின் மகளுக்கு அநீதி' என்று வந்த மறுநாள்
தீர்ப்பு வந்தது.
குடியிருப்பு என்றால் ரேஷன் கார்டு
எனப் பொருள் கொள்ளலாமாம்.
மிருணாளினி பட்டம் ரத்து.
என் திருப்பூரைக் குறிப்பேட்டில் யாரும் எழுதவில்லை.
நானும் எழுதச் சொல்லவில்லை.

வாங்கிக்கொண்டேன்.
இருபத்தைந்தாயிரம்.
அடகிலிருந்த அம்மாவின் சங்கிலியில்
பாதிக்கு மேல் மீட்டாயிற்று.

கிரீடம் பையில், இரண்டு சுடிதாருக்கு நடுவே.
தஞ்சாவூர் தாண்டுமுன்பே ஒரு கல் உதிர்ந்தது;
பசைதான், பதித்ததில்லை.
பூஜாவின் எண் கைபேசியில் இருக்கிறது.
இரண்டு முறை எடுத்துவிட்டு வைத்தேன்.
என்ன சொல்வது,
உன் இடத்தை நான் எடுக்கவில்லை என்றா?

கொடுமுடி பக்கம், இருட்டும் நேரம்,
ஜன்னலில் கொஞ்சம் காவிரி தெரிந்தது.
எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது,
எங்கள் ஊருக்கு.