பெட்டிக்கு நான்கு

கோடம்பாக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை.
பாதி வாடகை என்னுடையது,
பாதி பல்செட் செய்கிற தனராஜுடையது.
பூதக்கண்ணாடியும் அவருடையதுதான், இரவல்.

பழைய பொம்மைக் கார்களுக்கு மார்க் போடுவது
என் பிழைப்பு.
பத்து என்றால் கடையிலிருந்து வந்தபடியே.
பத்தை இதுவரை இரண்டு முறை எழுதியிருக்கிறேன்,
அதில் ஒன்று தப்பு.
ஒன்பதுக்கும் எட்டுக்கும் நடுவே
ஒரு நகக்கீறல்.
ஆறுக்குக் கீழே
அச்சு வளைந்தவை, கண்ணாடி மங்கியவை,
பெயிண்ட் போன இடத்தில்
நெயில்பாலிஷ் வைத்து மறைத்தவை.
முகர்ந்தால் தெரிந்துவிடும்.
முகராமல் யாரும் மார்க் போடக் கூடாது.

வண்டிக்குத் தனி மார்க், பெட்டிக்குத் தனி.
விலையில் பாதி பெட்டிதான்.
வெறும் அட்டைக்கா என்று கேட்காத ஆளில்லை.

இந்த ஊர்ப் பெட்டிகளுக்கு ஒரு வியாதி உண்டு,
பழுப்பாய் ஒரு கோடு.
எந்த டிசம்பர் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.
முடிச்சூர்க் கோடு சேறு கலந்தது, விரலில் ஒட்டும்.
ஈக்காட்டுத்தாங்கல் கோட்டில்
டீசல் வாசனை இன்னும் போகவில்லை.
'லேசான கறை'ன்னு போட்டுக்குங்க சார் என்பார்கள்.
வெள்ளக்கோடு என்றுதான் எழுதுவேன்.

ஜாபர்கான்பேட்டையிலிருந்து குணவதி
கட்டைப்பையில் ஏழு பெட்டி கொண்டுவந்தார்.
வீட்டுக்காரர் சேர்த்தவை.
"தண்ணி வந்தப்ப மொதல்ல இதத்தான் தூக்குனாரு.
பீரோ மேல வச்சாரு.
அப்புறம் ரேஷன் கார்டு.
அப்புறந்தான் நானு.
பீரோ மேலயும் வந்துச்சு தண்ணி.
எல்லாத்தையும் வித்துருங்க."

அவர் இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை.
மார்க்கில் அது சேராது.

ஆறு பெட்டியில் கோடு நேர்,
ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி.
ஏழாவது, மஞ்சள் டிப்பர் லாரி.
அதில் மட்டும் கோடு
இந்த மூலையில் கீழே இறங்கி
அந்த மூலையில் மேலே ஏறிப் போயிருந்தது.
இது ஏன் இப்படி என்றேன்.

பையை மடித்துக்கொண்டே இருந்தார்.
"அதுவா. பீரோ மேல எடம் பத்தல.
போட் வர்ற வரைக்கும் என் கையில இருந்துச்சு.
எவ்ளோ நேரந்தான் தூக்கிப் புடிக்கிறது."
அப்புறம்,
"சாஞ்சிருந்தா வெல கொறையுமா?"
குறையும்.
"அப்பக் கொறச்சே எழுதுங்க."

வண்டிக்கு எட்டு. பெட்டிக்கு நான்கு.

ராத்திரி பதினொன்றுக்கு அம்பத்தூர்க்காரர்
போட்டோவைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்:
அந்தச் சாய்ந்த கோடு அச்சுப்பிழையா?
அச்சுப்பிழை என்றால் ஐநூறு கூடத் தருகிறேன்.

இல்லை, தண்ணீர் என்று தட்டினேன்.
அனுப்புவதற்கு முன்
டியூப்லைட்டுக்கு நேரே பெட்டியைப் பிடித்து
கொஞ்சம் கொஞ்சமாய்ச் சாய்த்தேன்.
ஓரிடத்தில் கோடு படுத்து நேரானது.
என் முழங்கை விலாவில் முட்டி நின்றது.
அப்படியே வைத்திருந்தேன்,
கை கடுக்கும் வரை.