இடப்பக்கக் கோரைப்பல்

ஆல்டாவுக்கு அப்போது பத்து வயது.
மேல் ஈற்றின் வெளிப்புறம் சுட்டுவிரலை ஓட்டினேன்.
வலப்பக்கம் ஒரு மேடு,
உள்ளே பட்டாணி இருக்கிற மாதிரி.
இடப்பக்கம்
ஒன்றுமில்லை.
பால்பல் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது,
காலி செய்ய மனமில்லாத குடித்தனக்காரன்.

படம் எடுத்தேன்.
குழாயைச் சற்று நகர்த்தி இன்னொரு படம்.
ஓடும் பேருந்தில் பார்த்திருப்பீர்கள்,
கம்பிவேலி பின்னோக்கி ஓடும்,
தூரத்து மலை கூடவே வரும்.
இந்தப் பல் என்னோடு வந்தது.
அப்படியென்றால் உள்ளே, அண்ணத்தின் பக்கம்
ஒருக்களித்துப் படுத்திருக்கிறது.

"பால்பல்லை எடுத்துவிடுவோம்.
வழி விட்டால் தானே இறங்கலாம்."
"லாம்?" என்றார் அப்பா கெட்டில்,
மீன்பிடிக் கப்பலில் எடை போடுகிறவர்.
"இறங்கலாம்" என்றேன் மறுபடியும்.
அதைவிடக் கனமான சொல் என்னிடம் இல்லை.

ஆறு மாதத்தில் வரச் சொல்லியிருந்தேன்.
அந்த வாரம் பனிச்சரிவு, சாலை அடைப்பு.
பிறகு அவர் கடலில்.
பிறகு நான் போன் செய்யவில்லை.
இந்த வரிக்குக்
கோப்பில் கட்டம் கிடையாது.

பதின்மூன்றில் வந்தாள்.
கோரைப்பல் இன்னும் சாய்ந்து
பக்கத்து வெட்டுப்பல்லின் வேரைக்
கொஞ்சம் தின்றிருந்தது.
கடித்துத் துப்பிய பென்சில் முனை.

நவம்பர் கடைசியிலிருந்து இஸாஃபியோர்துரில்
வெயில் கிடையாது, மலை மறைத்துக்கொள்ளும்.
ஜனவரி முடிகிற வாக்கில் எட்டிப்பார்க்கும்,
வீட்டுக்கு வீடு அப்பம் சுடுவோம்.
"என் பல்லும் அப்படியா?" என்று கேட்டாள்.
இல்லை ஆல்டா.
சூரியனுக்காக யாரும் அண்ணத்தைக் கிழிப்பதில்லை.

ரெய்க்யாவிக்கில் சதையில் சன்னல் திறந்து
பல்லில் தங்கச் சங்கிலி ஒட்டி அனுப்பினார்கள்.
"வகுப்பிலேயே நான்தான் பணக்காரி,
வாய்க்குள்ளே நகை."
மாதம் ஒருமுறை நான் இழுத்தேன்.
இழுத்தேன் என்பதே பெரிய சொல்.
தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து
பொம்மையை உருவுகிற அளவு.
அவசரப்பட்டால் வேர்தான் போகும்.

பதினோராம் மாதம்
நான் கண்ணாடியை எடுக்கும் முன்பே
"வந்துடுச்சு" என்றாள்.
மூன்று நாளாக நாக்கு அங்கேயே சுற்றுகிறதாம்.
பார்த்தேன்.
அரிசி முனையளவு வெள்ளை.

கெட்டில் கேட்டார்: "பக்கத்துப் பல்?"
"நிற்கலாம்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
அடுத்த தேதியைத் தன் போனில் குறித்துக்கொண்டார்.
என் போனிலும்
குறிக்கச் சொன்னார்.