நல்ல கொழுப்பு

கவாசாகி என்றார் டொக்டர்.
எனக்குத் தெரிந்த கவாசாகி
பஞ்சிகாவத்தையில் மச்சான்
போல்ட் போல்ட்டாய்ப் பிரித்து விற்ற மோட்டார் சைக்கிள்.
அதுவா என்று கேட்கவும் கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

ஐந்து நாளாய் இறங்காத காய்ச்சல்.
ஜம்புக்காய்ச் சிவப்பில் நாக்கு.
விரல் நுனியெல்லாம்
அவித்த கிழங்கைப் போலத் தோல் கழன்றது.
பிறகு இரத்தம் எடுத்தார்கள், இன்னும் எடுத்தார்கள்,
கடைசியில் ஒரு தாள் வந்தது:
நல்ல கொழுப்பு குறைவு, மற்றது கூட.

தலை குனிந்தேன்.
காலிமுகத்திடலில் பதினான்கு வருடமாய்
இறால் வடை போடுகிறவன்.
என் சட்டை, என் காசு, ஜெசிந்தாவின் தலையணை
எல்லாம் எண்ணெய் மணக்கும்.
ஐந்து வயது மிரோஷினியின்
இரத்தமுமா?

"உங்கட தாச்சிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.
குழாய்ச் சுவர் வீங்கினால்
கொழுப்பின் கணக்கும் குழம்பும்."
தமிழில் சொன்னார், சிங்களத்தில் திரும்பச் சொன்னார்.
இரண்டிலும் விளங்கியது.
ஒன்றிலும் நம்பவில்லை.
அன்றிரவு கொட்டாஞ்சேனைக்குப் போய்
பதினொரு போத்தல் எண்ணெயைக் கானில் ஊற்றினேன்.
விலை தெரிந்த ஜெசிந்தா
பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் பிள்ளை
கூப்பிடக் கூப்பிட சுவரையே பார்த்துக் கிடந்தாள்.
மூளைக்கு இரத்தம் எப்படிப் போகிறதென்று
பார்க்க வேண்டும் என்றார்கள்.
நெற்றிப்பொட்டில் குளிர்ந்த பசை தடவி
பேனா மாதிரி ஒன்றை அழுத்தினாள் ஒரு பெண்.
அறை முழுக்க
ஷூ... ஷூ... ஷூ...

எண்ணெய் காய்ந்ததைச் சத்தத்தில் பிடிப்பவன் நான்.
மாவு விழுந்ததும் எழும் சீறல்
ஒரு நூல் தணிந்தாலும்
தீ போதாதென்று கை தானாகப் போகும்.
இந்தச் சீறலுக்கு எந்தத் திருகைத் திருப்புவது?
இடப்பக்கம் மெலிவாகக் கேட்டதா,
என் காதா?
திரையை விட்டு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன்.
அதில் ஒரு எழுத்துமில்லை.

"அப்பா,
என்ட தலைக்குள்ள நூற்றைம்பத்தைந்து பஸ் போகுது."
நான்கு நாளில் அவள் பேசிய
முதல் வசனம் அது.
போகட்டும் மகள்,
எந்தத் தரிப்பிலும் நிற்காமல் போகட்டும்.

வாய் காட்டினால் முன்பெல்லாம்
"உனக்குக் கொழுப்பு கூடிப் போச்சு" என்று ஏசுவேன்.
தட்டைத் தள்ளிவிட்டாலும் அதே வசனம்,
சேர்ட் பையில் சில்லறை எடுத்தாலும் அதே வசனம்.
எந்தச் சனியன் பிடித்த நேரம்
அதைக் கேட்டுக்கொண்டிருந்ததோ.

வீட்டுக்கு விட்டார்கள்.
காலையில் அரை ஆஸ்பிரின்,
கரண்டியில் நசுக்கி, சீனி தூவி.
நான் இப்போது அவள் தூங்கும்போது
நெற்றிப்பொட்டில் காது வைக்கிறேன்.
ஒன்றும் கேட்காது.
கேட்காதென்று தெரியும்.

ஆறாவது கிழமை பொரளைக்குத் திரும்பப் போனோம்.
ஊசிக்காரர் கையைத் தேடித் தடவ,
"உங்கட அம்மாவுக்குப் போய்க் குத்துங்கோ" என்றாள்.
பக்கத்து வாங்கெல்லாம் திரும்பிப் பார்த்தது.
ஜெசிந்தா கை ஓங்கினாள்.
பிடித்துக்கொண்டேன்.

ரிப்போர்ட்
வியாழக்கிழமைதான் வரும்.