ஓரத்து வரிசை

இருதயராஜ்,
டாங்கியை வாசலுக்கு வெளியே இறக்கு.
துரை தந்த மருந்து தேயிலையோடு நிற்கட்டும்.
உன் சட்டையைத் தனியாகத்தான் துவைக்கிறேன்,
அதன் நுரைகூட என் பாத்தியில் விழ விடுவதில்லை.

அளந்தால் பதினொரு பேர்ச் வரும்.
அளக்க யாரும் வராதவரை என்னுடையது.
தேயிலை செத்து மானாப்புல் ஏறிய சரிவு,
வெலிமடைப் பக்கத்துக் காற்று நேராக அடிக்கும்.
கல் பொறுக்கி, கல் பொறுக்கி,
கடுகு போட்டேன், எண்ணெய்க்கு.

நாலு வரி கடுகு, ஒரு வரி கொத்தமல்லி,
மறுபடி நாலு வரி.
சுற்றிலும் ஓரத்தில் முள்ளங்கி,
எல்லாவற்றுக்கும் பத்து நாள் முந்தி.
"கறிக்கா?" என்று கேட்டாய்.
பூச்சிக்கு என்றேன்.
லயமே கேட்கச் சிரித்தாய்.

தத்துவண்டு வந்தது.
வாசலிலேயே சோறு கிடைத்தால்
உள்வீடுவரை யார் போகிறார்கள்?
முள்ளங்கி சல்லடையானது.
உள்ளே கடுகு
இரண்டிலை, நாலிலை, முழங்கால்.

அப்புறம் அசுவினி.
அதற்கு முள்ளங்கி ஒரு பொருட்டில்லை.
மஞ்சள் பூவின் காம்பெல்லாம் சாம்பல் அப்பினாற்போல.
சோமலதா மேல்பாதையில் நின்று
"போச்சு அக்கே" என்றாள், தமிழிலேயே.

இதை உன்னிடம் சொல்லவில்லை:
அன்றிரவு நீ தூங்கியதும்
டாங்கியின் வாரைத் தோளில் மாட்டினேன்.
காலி. பாரமே இல்லை.
காலியின் வாடைக்கே தொண்டை எரிந்தது.
சுவருக்கு அந்தப்பக்கம் நீ இருமினாய்.
எடுத்த ஆணியிலேயே திரும்ப மாட்டினேன்.

பனி விலக எட்டரை ஆனது.
கொத்தமல்லி பூத்திருந்தது, யாரும் கவனிக்காத வெள்ளை.
அதன்மேல் ஈயும் இல்லாத தேனீயும் இல்லாத ஒன்று
அந்தரத்தில் அசையாமல் நின்றது.
கடுகுக் காம்பில் பொறிவண்டின் குஞ்சுகள்,
முதலைக்குப் பிறந்தவை போல,
அசுவினியை ஒவ்வொன்றாய்.
பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.
அன்றைக்கு எனக்கு அரைப்பேர்தான்.

மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, மறைக்கவில்லை.
கீழ்மூலை முழுக்கக் கருகிற்று.
மிச்சம் காய் பிடித்திருக்கிறது.

இன்று ஓரத்து வரிசையைப் பிடுங்கும் நாள்.
விவசாயப் போதனாசிரியர் சொன்ன கணக்கு:
ஓரத்தைத் தின்னக் கொடு,
பிறகு ஓரத்தை இல்லாமல் ஆக்கு.
அவர் தந்த தாளில்
முள்ளங்கிக்கு விளைச்சல் என்று ஒரு கட்டமே இல்லை.
இலையைத் தூக்கிப் பிடித்தேன்,
துளை வழியே மலை தெரிந்தது.
குனிந்து இழுத்தேன்.
வந்தது,
வெள்ளையாய், முழுசாய்,
என் முழங்கை நீளம்.

கை கழுவிவிட்டு வா.
கறிக்குத்தான்.