முட்டை ஏற்றிய ஞாயிறுகள்

"ஞாயிற்றுக்கிழமை மட்டும் விக்குகிறது"
என்றார் வாஷிங்டன் எச்செவெரி.
நான் சிரிக்கவில்லை.
தக்குவாரெம்போவில் பதினாறு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன்.
பௌர்ணமிக்குத் திணறும் டிராக்டர்,
மாமியார் ஏறினால் நிற்கும் லாரி,
எல்லாவற்றையும் கேட்டாகிவிட்டது.

அறுபத்தொன்றாம் வருடத்து மோரிஸ் மைனர்.
தண்ணீர் கலந்த பாலின் நிறம்.
இடது கதவு இரண்டாம் தடவை சாத்தினால்தான்
சம்மதிக்கும்.

பல்வலிக்காரன் மருத்துவர் வாசலில் நிற்பதுபோல
திங்கட்கிழமை என் முன்னே நின்றது,
ஒரு வலியும் இல்லாமல்.
பொறி நீலம். ப்ளக் நான்கும் பிஸ்கட் நிறம்.
டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியில் மயிரிழை விரிசல் இருக்குமோ என்று
இரவில் விளக்கணைத்துத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன்.
இருட்டு இருட்டாகவே இருந்தது.
கண்டென்சரை மாற்றினேன்.
செவ்வாய், காயிலை.
புதன்கிழமை முழுக்கச் சும்மா உட்கார்ந்து
கடன் வாங்கியவனைப் பார்ப்பதுபோல்
அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வியாழன் ரிவேரா சாலையில் அறுபது கிலோமீட்டர் ஓட்டினேன்.
எனக்குக் கால் கனம், அழுத்தித்தான் ஓட்ட வரும்.
மேட்டில் முனகியது.
விக்கவில்லை.

ஞாயிறு, தொலைபேசி:
"மறுபடியும்."

அடுத்த ஞாயிறு விடியுமுன்
நானே ஏறி உட்கார்ந்தேன்.
பின்சீட்டில் அட்டை அட்டையாக முப்பது டஜன் முட்டை,
மேலே ஒரு பழைய கம்பளி, குறுக்கே கயிறு.
"சந்தைக்கு" என்றார்,
இதைச் சொல்லவும் வேண்டுமா என்பதுபோல.

அவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கவில்லை.
மிதிப்பதாக நினைத்துக்கொண்டார்,
அவ்வளவு மெல்ல.
யூகலிப்டஸ் வரிசை முடிந்து சமதளம்.
முந்நூற்றறுபது முட்டைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன.

விக்.

கொஞ்ச தூரம் ஒன்றுமில்லை.

விக். விக்.

"கேட்டாயா ஒதிலியா!" என்றார்,
வழக்கில் ஜெயித்தவர்போல.
"இப்போது அழுத்துங்கள்."
"முட்டை—"
"அழுத்துங்கள்."
பின்னால் ஏதோ நகர்ந்தது.
விக்கல் நின்றது.
காலைத் தளர்த்தினார்,
வந்துவிட்டது.

ஓரம் கட்டினோம்.
நின்ற இடத்தில் இன்ஜின் சீராக ஓடியது, அப்பாவிபோல.
கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போகும்
மெல்லிய குழாயை ஒரு முனையில் பிடுங்கி
வாயில் வைத்துக்கொண்டேன்.
அவர் அக்குளில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே குடுக்கை.
அவர் உறிஞ்சுவதுபோலவே நானும் உறிஞ்சினேன்.
உள்ளே தட்டு ஒரு நகக்கண் அளவு திரும்பியிருக்கும்.
இன்ஜின் இருமியது.
விட்டேன், சீரானது.
உறிஞ்சினேன், இருமியது.
குதிரையில் போன ஒருவன் கடிவாளத்தை இழுத்து நின்று
மோட்டாரைக் குடிக்கும் பெண்ணை
வேடிக்கை பார்த்துவிட்டுப் போனான்.

பட்டறையில் திறந்தபோது
விரல் நீளம்கூட இல்லாத ஒரு கம்பி.
துணியுறை முழுசு, ஒரு பிசிறு கிடையாது.
கிள்ளி இழுத்தேன், ரப்பராய் நீண்டது.
உள்ளே செம்பு இழைகள் அத்தனையும் அறுந்து
நுனியும் நுனியும் வெறும் பழக்கத்தால்
தொட்டுக்கொண்டிருந்திருக்கின்றன,
எந்தக் காலத்திலிருந்தோ.
அவசரமாகப் போனால் தொடும்.
நின்றாலும் தொடும்.
மெதுவாக, பத்திரமாகப் போகும்போதுதான்
தட்டு திரும்பி, விட்டுப்போகும்.

இதை வைத்து அவரிடம் ஏதோ சொல்லத் தோன்றியது.
கையெல்லாம் கிரீஸ்.
சொல்லவில்லை.

நூலைவிட மெல்லிய இழைகளாய்ப் பின்னிய கம்பி தேடி
பழைய ரேடியோ ஒன்றின் ஸ்பீக்கரை அறுத்தேன்.
பற்றவைக்கக் கால்மணி நேரம்.
வீணாக மாற்றிய காயிலும் கண்டென்சரும்
என் கணக்கில் போயின்.

கூலிக்கு மேல் ஒரு கிண்ணம் கொடுத்தார்.
"நீ அழுத்தச் சொன்ன இடத்தில் உடைந்தவை.
பதினொன்று."
வெங்காயம் இல்லை.
உப்பு மட்டும் போட்டு,
அப்படியே ஒரே சட்டியில் ஊற்றினேன்.