முப்பத்தொன்பது டாலர்

நாகமலைப் பாறை இடுக்கில்
கோடையெல்லாம் வாய்மூடிக் கிடக்கிற
ஒரு நத்தையைப் பற்றி
யாரோ எழுதிய பதினோரு பக்கம்
முப்பத்தொன்பது டாலர்.

விடுதி ஜன்னலைத் திறந்தால்
மலை இலவசம்.

சுருக்கத்தை மட்டும் காட்டிவிட்டு
மீதிக்குப் பூட்டு.
ரூபாயில் பெருக்கிப் பார்த்த ஜெபசீலி
'மெஸ் பில்லையே தாண்டுதுடி' என்றாள்.

அன்றைய ஒன்றரை ஜிபி
சாயங்காலமே தீர்ந்திருந்தது
புள்ளியியல் பாடத்தில் பாதி,
பாடம் முடிந்து தானாக ஓடிய
புரோட்டா வீச்சில் பாதி.
பொய் சொல்ல மனசில்லை.

மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி மேல் ஏறினால்
முத்துப்பேச்சியின் ஹாட்ஸ்பாட் எட்டும்.
அதற்கு அவள் வைத்த பெயர் 'கேக்காத'.
கடவுச்சொல் வாரம் ஒன்று.
அந்த வாரம்
அவள் அரியர் வைத்த தாளின் குறியீட்டெண்.

அங்கே உட்கார்ந்துதான் அனுப்பினேன்
கட்டுரையின் அடியில் கிடந்த முகவரிக்கு ஒரு மெயில்.
டியர் சார் என்று தொடங்கி
சாரா மேடமா தெரியாமல் அழித்து
பெயரைச் சொல்லியே கூப்பிட்டேன்,
கை கூசியது.

ஒன்பது நாள் ஒன்றுமில்லை.
பத்தாம் நாள் நடுராத்திரி
புது ஜிபி விழுந்த கையோடு
பதிலும் விழுந்தது.
பதினோரு பக்கமும் இணைப்பில்.
கீழே இரண்டு வரி:
அந்த மலையை நான் பார்த்ததே இல்லை,
அருங்காட்சியகப் பெட்டியிலிருந்த ஓடுகளை வைத்து எழுதினேன்.
ஒரு படம் கிடைக்குமா?

ஜன்னலைத் திறந்தேன்.
இருட்டு.
செக்கானூரணிப் பக்கம் போகிற லாரி வெளிச்சம்
அடிவாரத்தை ஒருதரம் தடவிவிட்டுப் போனது.

படம் ஏற்ற எத்தனை எம்பி ஆகும் என்று
பேச்சியை உலுக்கிக் கேட்டேன்.
புரண்டு படுத்தாள்.